இரண்டு மணி வண்டி

ஷார்ஜா, சஜா தொழிற்பேட்டை.
பதினோரு கழிவுநீர் டேங்கர், ஒரு டெலிபோன், நான்.
எந்தக் கட்டிடத்துத் தொட்டி எப்போது நிறையும் என்று
எனக்கு அத்துப்படி.
முவைலாவில் வெள்ளிக்கிழமை விருந்தாளிகள்.
லேபர் கேம்ப் என்றால் விடியற்காலை நாலரை.
நிறையுமுன் வண்டி போய் நிற்க வேண்டும்,
அவ்வளவுதான் உத்தியோகம்.

என் தொட்டி மட்டும் எனக்குச் சொல்வதில்லை.

பன்னிரண்டு வருடம் முன்பு
இதே வண்டியொன்றின் மேல்மூடியைத் திருகும்போது விழுந்தேன்.
மார்க்காம்புக்குக் கீழே இப்போது
வேறு யாரோ குடியிருக்கிறார்கள்,
தட்டினால் திறப்பதில்லை.
அதனால் கடிகாரம்:
ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து.
கை கழுவு. ஜெல் தடவு. பன்னிரண்டாம் நம்பர் குழாய்.
வாசலில் இறுக்கினால் முட்டாதே, மூச்சு விட்டுக் காத்திரு.
நிறம் பார், மோந்து பார்,
கலங்கியிருந்தால் ராத்திரி குளிர்காய்ச்சல்.
நானூறு மில்லியைத் தாண்டவிடாதே என்றார் டாக்டர்.
தண்ணீரைக் குறைக்காதே என்றவரும் அவரே.
நாற்பத்தேழு டிகிரியில்
இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே
ஒரு டம்ளர் அகல இடம் இருக்கிறது.
அதில்தான் குடித்தனம்.

அம்சவேணி போனில் சாப்பாட்டை விசாரிப்பதில்லை.
"போனியா? எவ்வளவு?"
எண்ணைச் சொல்வேன். "ம்" என்பாள்.
பக்கத்துக் கட்டில் நேபாளி நினைத்துக்கொண்டிருக்கிறான்
நாங்கள் ஏதோ சீட்டு நடத்துகிறோம் என்று.

ஆகஸ்டில் ஒரு திங்கள்.
நஹ்தாவில் ஒரு கட்டிடம் லாபி வரை பொங்கிவிட்டது.
காவலாளி அழுகிறான், முதலாளி கத்துகிறார்,
வண்டிகளெல்லாம் கொட்டும் இடத்து வரிசையில்.
போனை வைத்தபோது மூன்று ஐந்து.

முதலில் கையில் மயிர் குத்திட்டது.
பிறகு நெற்றியில் மட்டும் வேர்வை, ஏசிக்கு நேர் கீழே.
பிறகு சம்மட்டி.
அடிவயிற்றில் எழுதிய கடிதம்
விலாசம் தவறி மண்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ட்ரிப் ஷீட்டில் கையெழுத்து வாங்க வந்த குல் ஜமான்
வெயில் அடித்துவிட்டது என்று
தரையில் படுக்கவைக்கப் பார்த்தார்.
படுத்தால் ரத்த அழுத்தம் இன்னும் ஏறும்.
நஹி, நஹி. நிமிர்த்து. அந்த நீலப் பை.
இருபது வருடம் ஊரார் கழிவை உறிஞ்சியவர்,
எதையும் கேட்கவில்லை.
பையை என் மடியில் வைத்தார்.
கண்ணாடிக் கதவில் முதுகை ஒட்டி
அகலமாக நின்றுகொண்டார்.
வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.
என் விரல் கேட்கவில்லை. மறுபடி. மறுபடி.

அறுநூற்று எண்பது.

வலி இறங்கியது, வெகு நேரம் இறங்கிக்கொண்டே இருந்தது.
குல் ஜமான் கண்ணைத் திறக்காமல் கேட்டார்:
"எத்தனை கேலன்?"

அப்புறம் மேனேஜர்.
"ஏன் போன் எடுக்கலை?"
டேங்க் நிறைஞ்சிருச்சு, ஸார்.
"எந்த பில்டிங்?"
எண்பத்து மூணுல கட்டினது ஸார்,
தரைத்தளம் மட்டும்தான். லிஃப்ட் ஓடாது.
காகிதம் புரளும் சத்தம் கேட்டது.
"சரி, குறிச்சுக்கிட்டேன்.
நாளைக்கு ரெண்டு மணிக்கே வண்டி அனுப்பிடு."