துணிக்கு மட்டும்

பத்து அங்குலம். கறுப்புக் கைப்பிடி.
நாகர்கோவிலில் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.
இருபது ரூபாய்க்குப் பேரம் பேசி
கடியபட்டணம் பஸ்ஸைத் தவறவிட்டேன்.
'துணி தவிர எதையும் காட்டாதீங்க, பேப்பரக்கூட'
என்று சொல்லிக்கொண்டே
பேப்பரில் சுற்றித் தந்தார் கடைக்காரர்.

வீட்டில் சொன்னேன்.
தமிழில்தான் சொன்னேன்.

முதல் வாரமே கில்தாஸ் தங்கூசி அறுத்தார்.
'வலைக்காரன் கைக்கு எட்டுனத எடுப்பான், பிள்ளே.'
கொழுந்தன் பெஸ்கி நண்டுக்கால் நறுக்கினான்;
கழுவித்தானே வச்சேன் என்றான்,
கழுவாமல் வைப்பது மட்டும்தான் குற்றம் போல.
நாத்தூன், பால் பாக்கெட்டின் மூக்கை.
ரெக்சின், ஏழாம் வகுப்பு,
தெர்மாகோலில் முட்டத்து லைட்ஹவுஸ் கட்டினான்.
வெள்ளை மணிகள் மூன்று நாள்
யாரோ ஒருத்தியின் கல்யாண ஜாக்கெட்டில்
ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன.

அதிலிருந்து சாட்டின் வெட்டினால்
ஓரிடத்தில் கடிக்கும்,
முனையிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே.
நாக்குக்கு மட்டும் தெரிகிற
உடைந்த பல் மாதிரி
எனக்கு மட்டும் தெரிகிற இடம்.

ஒளித்தேன்.
அரிசி வாளியில்.
பீரோ மேல், போன வருஷத்துக் குருத்தோலைக்குப் பின்னால்.
குடில் பொம்மைகள் தூங்கும் அட்டைப்பெட்டியில்
மூன்று ராஜாக்களுக்கு நடுவே.
கண் முன்னால் கிடக்கும் உப்பு டப்பாவைக் காணாதவர்கள்
இதைத் தேடாமலே எடுத்தார்கள்.
ஒருமுறை நானே மறந்துபோய்
கத்திரி எங்கே என்று கத்த,
பெஸ்கி ஓட்டு இடுக்கில் கைவிட்டு
எடுத்துத் தந்தான்.

பிறகு பூட்டு.
சூட்கேஸுக்குப் போடும் சின்னப் பித்தளைப் பூட்டு,
இரண்டு வளையத்துக்கும் குறுக்கே.
சாவி என் கழுத்தில், உத்தரியத்தோடு.
கில்தாஸ் சிரித்தார்:
'நகையெல்லாம் பேங்குல கெடக்கு.
பூட்டு கத்திரிக்கு.'
'நகைய மீட்டுடலாம்' என்றேன்.

செப்டம்பரில் பித்தப்பைக் கல்.
ஆசாரிப்பள்ளத்தில் ஐந்து நாள்.
கழுத்தில் கிடப்பதைக் கழற்று என்றாள் நர்ஸ்.
மயக்கம் ஏறும்போது
பிள்ளையை நினைக்கவில்லை,
மாதாவை நினைக்கவில்லை.
சாவி அவர் கையில்.

திரும்பி வந்தபோது
பால் பாக்கெட்டுகள் பல்லால் கிழிபட்டுக் கிடந்தன.
தங்கூசி நுனியெல்லாம்
தீக்குச்சியில் கருகி உருண்டிருந்தது.
ஸ்கேல் வைத்துக் கிழித்து
நோட்டில் ஒட்டியிருந்தான் ரெக்சின்,
நாங்கள் இருக்கும் முனை மட்டும்
இல்லாமல்போன இந்தியாவை.

மிஷின் மேல் கத்திரி, பூட்டோடு.
பக்கத்தில் சாவி.
ஐந்து நாளும் யாரும் தொடவில்லை.

ஜெயித்தாயிற்று.
வயிற்றில் தையல் போட்ட இடம்
சுள்ளென்றது.
ஒரு வீடு இவ்வளவு சொன்னபடி கேட்பது
சாவு விழுந்தால்தான்.

எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள்,
என்னை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல்.
இடது மணிக்கட்டில் இன்னும் ஆஸ்பத்திரிப் பட்டை:
பெயர், வயது, வார்டு நம்பர்.
கடித்துப் பார்த்தேன்.
நகத்தால் நெம்பிப் பார்த்தேன்.
பூட்டைத் திறந்தேன்.

'அம்மா, அது பிளாஸ்டிக்.'

தெரியும்.

அந்தக் கடிக்கிற இடத்தில் சிக்கி
கொஞ்சம் யோசித்து
அறுந்து விழுந்தது பட்டை.

'அப்பம் இனி நானும்...' என்று
கதவோரமிருந்து இழுத்தான் பெஸ்கி.

'கொன்னுபோடுவேன்' என்றேன்.

அதற்குப் பிறகுதான் கில்தாஸ்
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.