உடைந்த கேரட்

கேத்தி பாலாடாவில் இரண்டரை மணிக்கே விடிந்துவிடும்,
எங்களுக்கு மட்டும்.
டிராக்டர் வெளிச்சத்தில் பிடுங்குவோம்.
நாலு மணிக்கு மெஷின்.
உருளும் டிரம்மிலிருந்து மண் கழன்று
வானத்துக்கு முன்னாலேயே ஒரு நிறம் வந்து விழும்.
நீளமும் நேருமாய் இருப்பது மேட்டுப்பாளையம் போகும்.
இரண்டு கால் முளைத்தது, வெடித்தது, நுனி முறிந்தது
ஓரமாய்க் குவியும்.
"வேணுங்கறத அள்ளிக்கோ" என்பார் போஜன்.
அள்ளினேன்.
வீட்டில் ஒரு வாய் புதிதாய்த் திறந்திருந்தது.

ஆதிரைக்கு அப்போது ஏழாம் மாதம்.
கீழே இரண்டு பல், அரிசி நொய் மாதிரி.
விமலேஸ்வரி ஏழரைக்குக் கொழுந்தெடுக்கப் போனால்
நாலரை வரை நானும் அவளும்தான்.
அவள் தூங்கினால் எனக்குத் தூக்கம்.
தாய்ப்பால் விடியலிலும் இரவிலும்.
நடுவில் கிடக்கும் பகல் என் பொறுப்பு.

எனக்குத் தெரிந்த சமையல்:
வேகவை, மசி, ஊட்டு.
அவள் நாக்கு எல்லாவற்றையும் வெளியே தள்ளியது,
கூலி பேசாமல் லோடு ஏற்ற மாட்டேன் என்கிற ஆள் போல.
பத்தாம் நாள் ஒரு வாய் உள்ளே போனது.
அன்று எதிர்வீட்டு ஸ்டீபனுக்கு
காரணம் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு காலை கேரட். மதியம் கேரட்.
சாயங்காலம் மிச்சக் கேரட்.
காசில்லை, கண்ணுக்கு நல்லது,
வேறென்ன வேண்டும்.

ஒன்றரை மாதம் கழித்து
குளிப்பாட்டும்போது விமலேஸ்வரி கத்தினாள்.
உள்ளங்கை மஞ்சள். மூக்கு நுனி மஞ்சள்.
பாதத்தைத் திருப்பினால் அதுவும்.
காமாலை என்று அவள் சொல்லவில்லை.
சொல்லாததைத் துண்டில் சுற்றிக்கொண்டு
ஈரத் தலையோடு ஆட்டோ ஏறினோம்.

ஜெசிந்தா சிஸ்டர் இமையை இழுத்துப் பார்த்தார்.
கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
மூத்திரத் துணியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.
"என்ன குடுக்கறீங்க?"
"கேரட்."
"அப்புறம்?"
அப்புறத்துக்கு என்னிடம் பதில் இல்லை.
அவர் சிரித்தது வராண்டா வரை கேட்டது.
"காமாலை இல்லப்பா. புள்ளையே கேரட் ஆயிட்டா."
டாக்டரும் பார்த்துவிட்டு அதையே சொன்னார், சிரிக்காமல்.

சிஸ்டரின் சிரிப்பு தராசுக்கு வந்ததும் நின்றது.
ஆறு கிலோ முந்நூறு.
அட்டையில் புள்ளி வைத்தார்,
பச்சை முடிந்து மஞ்சள் தொடங்குகிற கோட்டில்.
கையிலிருந்த மஞ்சளைவிட
அந்த மஞ்சள்தான் என்னை உலுக்கியது.
தினம் டன் கணக்கில் கழுவி அனுப்புகிறேன்.
இங்கே கிராமுக்குப் பஞ்சம்.

"கேரட் நல்லதுதான். தனியா வேலை செய்யாது.
ஒரு ஸ்பூன் எண்ணெயாவது நெய்யாவது கூட வேணும்.
வயிறு இத்தனூண்டு," விரல்களை மடக்கிக் காட்டினார்,
"தண்ணியா ஊத்தி ரொப்பிட்டா
சத்து எங்க போய் உக்காரும்?"

அதற்குப் பிறகு கேழ்வரகு ஊறுகிறது எங்கள் வீட்டில்.
இந்தக் குளிரில் முளைக்க மூன்று நாள்.
என் பழைய ஸ்வெட்டரில் சுற்றி அடுப்போரம் வைக்கிறேன்,
அதுவும் ஒரு பிள்ளை மாதிரி.
பாசிப்பருப்பும் கேரட்டும் சேர்ந்து குழைகின்றன,
கரண்டியைச் சாய்த்தால் வழியாத பதத்துக்கு.
அங்கன்வாடி சத்துமாவை முதலில் துப்பினாள்.
வாழைப்பழம் பிசைந்து சேர்த்தேன். ஏமாந்தாள்.
வாரத்தில் மூன்று முட்டை.
நாலாவது, சம்பளம் வந்த வாரத்தில்.

உள்ளங்கை மெதுவாக வெளுக்கிறது.
புள்ளி மேலே ஏறியிருக்கிறது, ஒரு அரிசி அளவு.

நேற்று குவியலுக்கு முன் இரண்டே இரண்டு எடுத்தேன்.
"போதுமாடா?" என்றார் போஜன்.
போதும் என்றேன்.
ஷெட்டுக்குப் பின்னால் அவர் கோழி கேறியது.
"முட்டை இருக்குமா?"
"இருக்கு," என்றார்,
"ஆனா அது காசு."