படி ஒன்பது

பித்தப்பையை எடுக்கத் தேதி குறித்துவிட்டார்கள்.
பத்து நாள் எதையும் தூக்கக் கூடாது.

ரூசே நகரில், நான்காம் மாடியில்,
என் சமையலறைதான் கடை.
மூடிப்போன கம்பெனிகளின் அடுப்புகளுக்குக்
குமிழ் விற்கிறேன், இணையத்தில்.
ஒரு குமிழ் உடைந்ததற்காக
அடுப்பையே தூக்கி எறிய மனம் வராதவர்கள்
உலகில் நிறையப் பேர்.
அவர்கள்தான் என் வாடகை.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் ஒக்னியான்.
பன்னிரண்டு வருடம் என் கணவனாக இருந்தவன்.
கப்பல் பட்டறையில் இப்போது வாரம் மூன்று நாள்தான் வேலை.
"எழுதி மட்டும் வை."

படி ஒன்று: ஆர்டர்களைத் திற.
அடித்தேன். முதலில் கணினியைத் திறக்க வேண்டும்.
அதையும் அடித்தேன். முதலில் ஜன்னல்.
ராத்திரி ஒட்டிய குமிழ்களின் பசை வாடை போக வேண்டும்.
பசையை ராத்திரியே பூச வேண்டும் என்றால்
படி ஒன்று நேற்றே தொடங்கியிருக்கிறது.

படி நான்கு: வாங்குபவர் அனுப்பிய படத்தைப் பார்.
தண்டின் துளை அரைவட்டமா, முழுவட்டமா?
படத்தில் தெரியாது.
எனக்குத் தெரியும்.
எப்படித் தெரியும் என்று ஒரு மணி நேரம் யோசித்து
"கேட்டுக்கொள்" என்று எழுதினேன்.
ஆறு வருடத்தில் நான் யாரையும் கேட்டதில்லை.
திரும்பி வந்த பொதிகள் பதினேழு
அலமாரிக்கு அடியில் கிடக்கின்றன.
கையேட்டில் அவற்றுக்கு இடமில்லை.

படி ஏழு: கோபமாக எழுதினால்
உடனே பதில் போடாதே. டீ குடி. பிறகு எழுது.
இதை அவனுக்கு எழுதும்போது
பேனா கொஞ்சம் நின்றது.

படி ஒன்பது: பெட்டியை ஒட்டு.
வேறென்ன சொல்ல? ஒட்டுவது ஒட்டுவதுதான்.

படி பதினொன்று: தபால் நிலையத்தில் மூன்றாம் ஜன்னல்.
ஸ்லாவ்கா லீவு என்றால் திரும்பி வந்துவிடு.
இரண்டாம் ஜன்னல்காரரின் தராசுக்கு
கிராம் என்றால் கிலோ என்று நினைப்பு.

இருபத்தாறு படி, நாற்பத்தோரு பக்கம்.
மாதக் கடைசியில் கணக்கை முடித்து
இந்த மாதமும் மூழ்கவில்லை என்று தெரிந்தபின்
விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன்.
அதை எழுதவில்லை. அது வேலை இல்லை.

ராஸ்கிராத்தில் தங்கை வீட்டுச் சோபாவில்,
வயிற்றில் மூன்று தையல், தலைமாட்டில் போன்.
அடிக்கவே இல்லை.
நான்காம் நாள் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன்.
ஆறாம் நாள் தங்கையை விட்டு அடிக்கச் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் அடித்தது.
ஒரு சந்தேகம்கூடவா வராது மனிதனுக்கு?

திரும்பி வந்தேன்.
ஐம்பத்து மூன்று பொதிகள் போயிருந்தன.
புகார் ஒன்றுமில்லை.
கோப்பைகளைத் தப்பான தட்டில் கவிழ்த்திருந்தான்,
அதைக் கண்டதும் ஒரு நிம்மதி.

கையேட்டைப் புரட்டினேன்.
ஒன்பதாம் படியின் ஓரத்தில், பென்சிலில்,
அவனுடைய சாய்ந்த எழுத்து:
"வெட்டியதும் டேப்பின் நுனியை மடித்துவிடு.
இல்லையென்றால் அடுத்த பெட்டிக்கு
நகத்தால் தேட வேண்டும்."

ஆறு வருடமாகத் தேடியிருக்கிறேன்.
சுருளை வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரலால் சுரண்டி,
டேப்பின் பரம்பரையையே திட்டி.
எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.
பெட்டிக்கு அரை நிமிடம் என்றால்கூட...
கணக்குப் போடவில்லை.

பென்சில் எழுத்தின் மேலேயே
பேனாவை ஓட்டினேன், அவன் சாய்வு மாறாமல்.

அன்றைக்கு ஒரே ஆர்டர், கிராக்கோவுக்கு இரண்டு குமிழ்.
மேசையில் டேப்
ஒரு காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
பிடித்து இழுத்தேன்.
வந்தது.