ஐஸ் உடைக்கும் இயந்திரம்

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
கண்ணாடி வைத்த பெட்டி அறை ஒன்று உண்டு.
சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவும் என்று
சுவரில் எழுதியிருக்கும்.
ஏழு வயதில்
கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரின்
புருவத்தைப் பார்த்தே அழுத்தினேன்.
பரவாயில்லையே, என்றார் அம்மாவிடம்.
உதடு படிக்க அன்றைக்கே தெரியும் எனக்கு.
வீடு வரும்வரை பஸ்ஸில்
அம்மா என் காதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

மறுமுறை அவர்
முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

இப்போது என்னிடம் ஒரு வரைபடம் இருக்கிறது.
வலது காதுக்குச் சிவப்பு வட்டம்,
இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி,
இரண்டும் தோளோடு தோள்
பள்ளத்தில் இறங்குகின்றன.
கீழே, எண்பத்தாறு விழுக்காடு.
மீதிப் பதினான்கு எங்கே இருக்கிறது என்று
கேட்க நினைத்தேன்.
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பழுது உள்காதில்,
நத்தைபோல் சுருண்ட இடத்தில்,
படம் போட்டுக் காட்டினார் டாக்டர்.
நம்புகிறேன்.
ராத்திரி பன்னிரண்டுக்கு மேல்
அந்த நத்தைக்குள் யாரோ தகரத்தைக் கீறுகிறார்கள்.
அதற்கு அரசாணை இல்லை, சாய்தளம் இல்லை.
மாத்திரைதான்.
அதுவும் கேட்பதில்லை,
என்னைப் போல.

முகாமில் தந்த மெஷினும் இருக்கிறது.
மாட்டினால், கூரையில் மழை விழுவது தெரிகிறது.
மழைக்காக மாட்டுவேன்.
மனிதர்கள் அதில்
ஒரே இரைச்சலாக வருகிறார்கள்.

போன மாதம் பேங்கில்
டோக்கன் நாற்பத்தொன்றை
வாயால் கூப்பிட்டிருக்கிறார்கள்.
எண் ஓடும் பலகையில்
ஆயுத பூஜை மாலை காய்ந்து தொங்கியது.
ஸ்விட்ச் போடவில்லை.
இரண்டு மணி நேரம்
நாற்பத்தொன்றைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.
ஏம்மா, காதுல விழல?
காசாளரின் உதடு கோபமாக இருந்தது.
அந்தப் பழுது எந்த நத்தைக்குள்?
அதை யார் படம் போடுவார்?

வேலை, முதுநகர் துறைமுகத்தில்.
ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.
பாளம் பாளமாக உள்ளே சரிந்து
உடைகிற அதிர்வு
பாதம் வழியாக ஏறிப் பல்லில் வந்து நிற்கும்.
அங்கே ஒருவருக்கும் ஒன்றும் கேட்காது.
பாவாடைராயன் இரண்டு விரலை மடக்கினால்
இருபது கூடை.
அஞ்சம்மாள் இல்லாத மீசையை முறுக்கினால்
முதலாளி வருகிறார்.
உள்ளங்கையைக் கவிழ்த்தால் லாரி போய்விட்டது.
யார் தொடங்கியது தெரியாது.
பாதி என்னுடையது.

புதிதாகச் சேர்ந்த ஸ்டீபன்ராஜ், பி.காம்.,
முதல் நாள் முழுக்க
கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான்.
பாவாடைராயன் அவன் தோளைத் தட்டி
என் பக்கம் கையைக் காட்டினார்:
அதுகிட்ட கேளு.
பார்க்கப் பாவமாக இருந்தது.
அன்றைக்கு அவனுக்கு
எத்தனை விழுக்காடு போட்டிருப்பார்கள்?

மூன்று மணிக்குக் கரண்ட் போகும்.
இயந்திரம் நின்றதை என் பாதம் சொல்லும்.
கைகளைக் கைலியில் துடைத்துக்கொள்வார்கள்.
வாய்கள் திறக்கும்.
அரைமணி நேரம்
எல்லோரும் எதற்கோ சிரிப்பார்கள்.
என் காதில் ஒரு மாற்றமும் இல்லை,
வட்டமும் பெருக்கலும் அதே பள்ளத்தில்.
மின்வாரியத்தில் யாரோ ஒரு சுவிட்சை இறக்கினார்,
நான் ஊனமானேன்.

நேற்று அப்படி நின்றபோது
ஸ்டீபன் மட்டும் மறந்துபோய்
கையாலேயே பேசிக்கொண்டிருந்தான்.
டீ வேணுமா என்று கேட்டான் போல.
அவன் கை சொன்னது,
இருபது கூடை முதலாளி
லாரியில் போய்விட்டார்.

சிரித்துவிட்டேன்.
என் சிரிப்பு ரொம்பச் சத்தம் என்பார்கள்.
எல்லோரும் திரும்பினார்கள்.