ஆறு ஐம்பது

இருபத்தொன்பது வருடம்
இரண்டாம் வரிசையில் நின்று
சோளப்பாகுக் குழாயின் சக்கரத்தைத்
திருகித் திறந்தவள் நான்.
ஒரு கொப்பரைக்கு நான்கரைச் சுற்று.
ஒஹாயோவில் பாதிப் பிள்ளைகளுக்குத்
தக்காளி என்றால் இனிப்பு என்று
சொல்லிவைத்த கை இது.
சம்பளம் ஒழுங்காக வந்தது. குறையில்லை.

ஓய்வுபெற்ற இரண்டாம் மாதம்
முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் முன்னால் இருக்க
பாட்டிலைக் கவிழ்த்தேன், முதுகில் தட்டினேன்.
நாக்கில் பட்டதும்
தட்டைத் தள்ளிவிட்டேன்.
ஜாம்.
சிவப்பு ஜாம்.

கடைக்குப் போய்
நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
லேபிள் லேபிளாகப் படித்தேன்.
கடுகு விழுதில் தேன்.
வெள்ளரி ஊறுகாயில் பாகு.
பார்பிக்யூ சாஸில் கரும்புப்பாகு,
போதாதென்று பழுப்புச் சர்க்கரை.
மயோனைஸைக்கூட விட்டுவைக்கவில்லை.
சர்க்கரை சேர்க்காதது என்று ஒன்று கிடைத்தது.
வேறெதையோ சேர்த்திருந்தார்கள்.
விழுங்கியும் போகாத தித்திப்பு,
விடைபெற்ற பிறகு வாசலில் நின்று
அரைமணி நேரம் பேசும் விருந்தாளி மாதிரி.

அடுக்கிக்கொண்டிருந்த பையன் கேட்டான்:
"என்ன தேடுகிறீர்கள், மேடம்?"
"புளிப்பு."
எட்டாம் வரிசை என்றான்.
எட்டாம் வரிசையில் நாய்த்தீனி இருந்தது.

சரி, நானே.
யூலாலியா பெனாவிடெஸ் தோட்டத்தில்
வெடிக்கும் பதத்தில் பதினோரு பவுண்டு.
முதல் முறை வினிகர் மிஞ்சி
சன்னல் திட்டில் பூனை தும்மியது.
இரண்டாம் முறை
இன்சூரன்ஸ்காரனோடு போனில் இருந்தேன்,
அடிபிடித்தது.
மூன்றாம் முறை
வெங்காயம், இரண்டே கிராம்பு, செலரி விதை,
கொஞ்சம் மிளகு, உப்பு.
கிளறிக்கொண்டிருந்தது இடது கை.
வலது கை, என்னைக் கேட்காமல்,
சர்க்கரை ஜாடியை எடுத்துத் திறந்தது.
ஒரே சுற்றில் கழன்றுவிடும் மூடி அது.
கை காற்றில் மேலும் மூன்றரை சுற்றியது.

மூடிவைத்தேன்.
இரவில் கிளிக்கூண்டை மூடுவதுபோல்
மேலே ஒரு துணியையும் போட்டேன்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு
ஆலையின் பழைய ஆட்கள் கூடுவோம்,
மௌமி ஆற்றங்கரைப் பூங்காவில்.
ஆலை இன்னும் ஓடுகிறது.
என் சக்கரத்தை இப்போது ஒரு திரை திருப்புகிறது.
கம்பெனி பாட்டில்களுக்கு நடுவே
பெயர் ஒட்டாத என் ஜாடியை வைத்துவிட்டுத்
தள்ளி உட்கார்ந்தேன்.

கெட்டுப்போச்சு என்றான் டார்லீனின் பேரன், சத்தமாக.
ரோலண்ட் ஹபெக்கரின் மனைவி
மரியாதையாகக் கைக்குட்டையில் துப்பினாள்.
வெர்ன் ஷ்லட்டர், இரவு ஷிப்ட், நான்காம் கொப்பரை,
ஹாட்டாக்கை ஒரு கடி கடித்தவன்
மெல்லுவதை நிறுத்தினான்.
வாயில் பல் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்தேன்.

"ஆறு ஐம்பது" என்றான்.

மேசையில் ஐந்து பேர் நிமிர்ந்தோம்.

காலை ஆறு ஐம்பது.
கூழ் வற்றி, வினிகர் விழுந்து, மசாலா இறங்கி,
மேஸ்திரி காபியோடு கண்ணாடி அறையில் இருக்க,
நான் சக்கரத்தில் கைவைக்க
இன்னும் பத்து நிமிடம் பாக்கி.
கொப்பரை விளிம்பில்
ரொட்டி முனையைத் தோய்த்துத் தின்பேன்.
பார்த்தால் வேலை போய்விடும்.
திருடி நான் ஒருத்திதான் என்றிருந்தேன்.
ரோலண்ட் பிஸ்கட் கொண்டுவருவானாம்.
யூலாலியா, சட்டைப்பையில் டார்ட்டியா.
ஒருவர்கூட ஒருவரிடம் மூச்சு விட்டதில்லை,
அத்தனை வருடம், ஒரே கொப்பரை.

வெர்ன் ஜாடியின் அடியை விரலால் வழித்தான்.
அந்தப் பேரன் கம்பெனி பாட்டில் எங்கே என்று கேட்டான்.
நானே எடுத்துக் கொடுத்தேன்.
அவன் பங்கும் என் கணக்கில் வந்ததுதானே.

"கடுகு?" என்றான் வெர்ன்.
"தேன் இல்லாமலா?"
"வேறெப்படி."
அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.