மிஞ்சிய நூல்

தம்பி டாவெட்டுக்கு
சட்டைக் கழுத்தில் தைத்த சீட்டு, முள்.
ஞாயிறுதோறும் நான்தான் வெட்டுவேன்
அம்மாவின் நகக் கத்தரியால்.
ஒரு நூல் மிஞ்சினாலும்
நாள் முழுக்கத் தோளைக் குலுக்குவான்.

தார்த்துவில் அந்தப் பனிக்காலம்
பள்ளி வாசலில்
காதைப் பொத்திக்கொண்டு அவன் கத்தியபோது
"யாருடி அது?" என்றாள் கிர்ஸ்தி.
தெரியாது என்றேன்.
கேட்டிருக்கும்.
டியூப்லைட் முனகுவதே கேட்கும் அவனுக்கு.

வீட்டுக்கு வந்தவன் ஒன்றும் சொல்லவில்லை.
என் பூட்ஸை அவனுடையதற்குப் பக்கத்தில் வைத்தான்,
வழக்கம்போல்
நுனிகள் சுவரைத் தொட.

நேற்று ரைனோவின் புதுச்சட்டையில்
சீட்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.
"எனக்கு அது உறுத்தாதே" என்கிறான் கணவன்.
தெரியும் என்றேன்.
விரலால் தடவிப் பார்த்தேன்,
நூல் இருக்கிறதா என்று.