ஐந்தரை நொடி

தோரா இஸ்பிஸ்டருக்கு
வலது பாதம் சேதி அனுப்புவதை நிறுத்தி
இரண்டு குளிர்காலம் ஆகிறது.
கம்பளமா, கல்லா,
கண் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கர்க்வால் மருத்துவமனையில்
இயன்முறை மருத்துவர் மைரி
பஞ்சு மெத்தைமேல் நிறுத்திக்
கண்ணை மூடச் சொல்கிறாள்.
நான்கு நொடி.
பிறகு சுவர் வந்து தோளைப் பிடிக்கிறது.

மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்.
பெயரே நாக்கு இடறுகிற நீளம்.
மூளைக்கும் காலுக்கும் நடுவே
கம்பியின் உறை உரிந்திருக்கிறதாம்.
தோரா கேட்கிறாள்:
எலி கடித்த மின்கம்பியை
மாட்டுக் கொட்டகையில் நானே
எத்தனை முறை சுற்றி ஒட்டியிருக்கிறேன்,
இதற்கு டேப் இல்லையா?

இரவில் குளியலறைக்குப் பதினாறு அடி.
விளக்கில்லாமல் ஓர் அடிகூட ஆகாது.
விளக்கைப் போட்டால்
மாக்னஸ் விழித்துக்கொள்வான்,
தூங்குவதுபோல் நடிப்பான்,
அவள் திரும்பும்வரை எண்ணிக்கொண்டிருப்பான்.
இது அவளுக்குத் தெரியும்.
தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஜனவரியில் ஒரு நாள்
ஸ்ட்ரோம்னெஸ் படகில் பெருங்காற்று.
தேநீர்க் கோப்பைகள் மேசையை விட்டு ஓடின.
மாட்டு வியாபாரி, பள்ளிப் பிள்ளைகள், பாதிரியார்
எல்லோரும் காலை அகட்டி
ஒவ்வோர் அடியையும் கேட்டுக் கேட்டு வைத்தார்கள்.
தோரா மட்டும்
கம்பியில் இரண்டு விரல் வைத்துக்
கழிப்பறை வரை போய்த் திரும்பினாள்.

"பழக்கமோ?" என்றார் பாதிரியார்
குமட்டலை விழுங்கியபடி.
"வீட்டிலேயே கடல் இருக்கிறது."

கரையிறங்கியதும்
ஈரப் பலகையில் விழுந்தாள்.
முழங்கையில் சிராய்ப்பு.

வியாழக்கிழமை, கண்ணை மூடி,
ஐந்து நொடி நின்றாள்.
ஐந்தரை என்று எழுதச் சொல்லி
மைரியிடம் பேரம் பேசினாள்.